இனிப்பு நீரில் சிறுநீரக உயிரணு கெடும் வழியும், அதை மறிக்கும் முறையும்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ, இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து எடுப்பவர் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் எண்ணைத்தான். அது வரம்புக்குள் இருந்தால் ‘கிட்னி நல்லாத்தான் இருக்கு’ என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார். கிரியேட்டினின் வரம்பைத் தாண்டும்போது வடிகட்டும் திறனில் பாதி போயிருக்கக்கூடும். கெடுதல் அதற்குப் பல வருடங்கள் முன்பே, உயிரணுவுக்குள் தொடங்கிவிடுகிறது. அந்த வருடங்களில்தான் ஏதாவது செய்ய முடியும்.

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் நீரிழிவு. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். ஆகவே இது நம் வீட்டுச் சங்கதி.

படிக்கும் முன் நான்கு பொருள்களை மேசைமேல் எடுத்து வையுங்கள்: கடைசி இரண்டு பரிசோதனைத் தாள்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு பேனா. எல்லா மாத்திரை என்றால் கடையில் வாங்கிய சத்து மாத்திரை, சொந்தக்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்த சூரணம், கால் வலிக்கு எப்போதாவது போடுவது, அத்தனையும்.

உயிரணுவுக்குள் நடப்பது

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுருள். இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒரு குழாயைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். அந்தச் சுருளை வெளிப்பக்கத்திலிருந்து அப்படித்தான் போடோசைட் என்ற உயிரணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கோத்த விரல்களின் சந்து வழியே தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் இறங்கிவிடும். ஆல்புமின் என்ற புரதம் தடுக்கப்பட்டு இரத்தத்திலேயே நிற்கும். போடோசைட் ஒன்று செத்து உதிர்ந்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைப்பது மிக அரிது. தோலைப் போலவோ கல்லீரலைப் போலவோ இது வளர்ந்து ஈடுகட்டாது.

தசை உயிரணுவுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். சிறுநீரகம், விழித்திரை, நரம்பு ஆகியவற்றின் உயிரணுக்களுக்கு அந்தக் கதவு கிடையாது. இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 12 மில்லிமோலுக்கு ஏறினால் உள்ளேயும் ஏறும். நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் தேடிப் போய்த் தாக்குவதற்கு இதுவே முதல் காரணம்.

அளவுக்கு மீறி நுழைந்த சர்க்கரையை எரிக்கும்போது, உயிரணுவின் சக்தி ஆலையான மைட்டோகாண்ட்ரியாவில் கைமாற வேண்டிய எலக்ட்ரான்களில் சில வழிதவறி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. பிறப்பது சூப்பராக்சைடு என்ற, அருகில் உள்ளதைத் தாக்கும் மூலக்கூறு. நீரிழிவு ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் முன்வைத்த விளக்கம் இதை மையமாக வைத்தது: நீரிழிவின் பல கெடுதல்களும் இந்த ஒரே ஊற்றிலிருந்து கிளைக்கின்றன என்றார். பிற்பாடு வந்த ஆய்வுகள் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் குற்றம் சொல்லவில்லை. சிறுநீரகத்தில் நிறைந்திருக்கும் நாக்ஸ்4 என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை ஓயாமல் உற்பத்தி செய்கிறது. அதைத் தூண்டும் பெரிய கை ஆஞ்சியோடென்சின் 2, அதாவது இரத்தக் குழாயை இறுக்கும் அதே ஹார்மோன்.

உடலிடம் இதற்கு எதிர்ப்படை இல்லாமல் இல்லை. குளுட்டாத்தயோன் என்ற காவலாளி பெராக்சைடை அணைக்கும். ஒருமுறை வேலை செய்த குளுட்டாத்தயோனைத் திரும்பத் தயார்ப்படுத்த என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு தேவை. மிஞ்சிய சர்க்கரையைச் சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றும் வழியும் அதே மூலக்கூறைத்தான் செலவழிக்கிறது. நெருப்பும் கூடுகிறது, அணைக்கும் தண்ணீரும் வேறு பக்கம் திருப்பப்படுகிறது. இந்த ஏறுமாறுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

இனிக் கால்சியம். ஓய்வில் இருக்கும் உயிரணுவுக்குள் தனித்துத் திரியும் கால்சியம் வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு குறைவாக வைத்திருப்பதால்தான் சிறிது உள்ளே வந்தாலும் உயிரணு அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது: சுருங்கு, இந்த மரபணுவை இயக்கு, இந்த நொதியை எழுப்பு. வேலை முடிந்ததும் பம்ப்கள் கால்சியத்தை வெளியேற்றிவிடும். கட்டளை சில நொடிகளில் அடங்க வேண்டும்.

போடோசைட்டின் சுவரில் டிஆர்பிசி6 என்று ஒரு கால்சிய வாசல் உண்டு. இந்த வாசல் பிறவியிலேயே அதிகம் திறக்கும்படி அமைந்த குடும்பங்களில் நீரிழிவு இல்லாமலேயே வடிகட்டி தழும்பாகிப்போகிறது; 2005இல் இது தெரிய வந்தது. நீரிழிவில் அதே வாசலை மூன்று கைகள் தள்ளுகின்றன. ஆஞ்சியோடென்சின் 2 ஒன்று, பெராக்சைடு ஒன்று, வடிகட்டிக்குள் ஏறிய அழுத்தத்தால் சுவர் இழுபடுவது ஒன்று. உள்ளே கொட்டிய கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்புகிறது. அது என்ஃபேட் என்ற புரதத்தை உட்கருவுக்கு அனுப்புகிறது. அங்கே போய் அது எழுதவைக்கும் மரபணுக்களில் ஒன்று டிஆர்பிசி6. திறந்த வாசலே இன்னும் வாசல்களைக் கட்டிக்கொள்கிறது.

கால்சியம் அடங்காமல் நிற்கும்போது விரல்களுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத எலும்புக்கூடு குலைகிறது. கோத்த விரல்கள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஆல்புமின் நழுவ ஆரம்பிக்கிறது. மிஞ்சிய கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சி வீங்கி, முன்னைவிட அதிகமாகச் சூப்பராக்சைடைக் கசியவிடுகிறது. அதிலிருந்து வரும் பெராக்சைடு மறுபடியும் வாசலைத் தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளை விழுந்து உயிரணு தானாகவே செத்துவிடுகிறது.

ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கால்சியமும் இப்படி ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் வட்டம். வட்டத்தை எந்த இடத்தில் வெட்டினால் வேலைக்காகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக நிற்பவை ஆஞ்சியோடென்சின் 2, வடிகட்டியின் அழுத்தம், உள்ளே நுழையும் சர்க்கரை. வெட்ட வேண்டிய இடங்கள் அவைதான்.

பாலில் இருக்கும் கால்சியம் அல்ல இது

‘கால்சியம் கிட்னியைக் கெடுக்கும்’ என்று கேள்விப்பட்டுப் பாலையும் நெத்திலியையும் நிறுத்துபவர்கள் உண்டு. வேண்டாம். இரத்தத்தின் மொத்தக் கால்சியத்தை உடல் 2.2 முதல் 2.6 மில்லிமோல் வரையிலான இடைவெளிக்குள் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு குவளை பால் அதை அசைக்காது. போடோசைட்டுக்குள் கொட்டுவது வாசல் திறந்ததால் வருவது. சாப்பாட்டில் கூடியதால் அல்ல. சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு டாக்டர் சாப்பாட்டோடு சேர்த்துக் கால்சியம் கார்பனேட் கொடுப்பது குடலில் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கத்தான். அதையும் இதற்குப் பயந்து நிறுத்தக் கூடாது.

அம்லோடிபைன் அட்டையில் ‘கால்சியம் தடுப்பான்’ என்று இருப்பது இன்னொரு குழப்பம். அது மூடுவது இரத்தக் குழாய்த் தசையில் உள்ள வேறு வாசலை, டிஆர்பிசி6ஐ அல்ல. பிரஷரைக் குறைக்க நல்ல மருந்துதான், ஆனால் சிறுநீரகத்துக்கென்று தனிக் காவல் தராது. 2001இல் வெளிவந்த ஐடிஎன்டி ஆய்வில், டைப் 2 நீரிழிவோடு சிறுநீரில் புரதம் போனவர்களுக்கு இர்பெசார்டன் சிறுநீரகத்தைக் காத்த அளவுக்கு அம்லோடிபைன் காக்கவில்லை. உங்கள் மேசையில் பிரஷருக்கு அம்லோடிபைன் மட்டும் இருந்து, சிறுநீரில் ஆல்புமினும் போனால், ‘எனக்கு “சார்டன்” அல்லது “பிரில்” வகை வேண்டாமா?’ என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.

சிறுநீர் கொடுக்கும் முறை

விரல்கள் குலைந்ததை முதலில் காட்டுவது சிறுநீர்ப் பரிசோதனை. அதன் பெயர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். தாளில் சுருக்கமாக ஏசிஆர் என்றிருக்கும். டைப் 2 என்றால் நோய் கண்ட அன்றே ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. டைப் 1 என்றால் ஐந்தாவது வருடத்திலிருந்து. காகிதப் பட்டையை நனைத்து ‘புரதம் இல்லை’ என்று சொல்வது இதற்கு ஈடாகாது. சாதாரணப் பட்டை நிறம் மாற நிறையப் புரதம் போக வேண்டும். நாம் பிடிக்க நினைப்பது அதற்கு முந்தைய கட்டத்தை.

1. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைப் பிடியுங்கள். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைக் குப்பியில் எடுங்கள்.
2. முந்தின நாள் ஃபுட்சல், ஓட்டம், ஜிம் எதுவும் வேண்டாம். கடும் உடற்பயிற்சி 24 மணி நேரத்துக்கு ஆல்புமினை ஏற்றிக் காட்டும்.
3. காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், மாதவிலக்கு இருந்தால் தள்ளிப்போடுங்கள்.
4. கிளினிக்கில் கொடுக்கத் தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள்; காரின் டேஷ்போர்டில் வெயிலில் விடாதீர்கள்.

மலேசியத் தாள்களில் அளவு பெரும்பாலும் மில்லிகிராம்/மில்லிமோல். 3க்குக் கீழ் இயல்பு. 3 முதல் 30 வரை கசிவு தொடங்கிவிட்டது. 30க்கு மேல் பெரிய கசிவு. ஒரே ஒரு முறை ஏறியதை வைத்து முடிவு கட்டக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டில் ஏறியிருந்தால்தான் உறுதி.

சிறுநீரில் நுரை வந்தாலே பயப்பட வேண்டாம். உயரத்திலிருந்து வேகமாக விழுந்தாலும் நுரைக்கும். சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பியர் நுரை மாதிரி அடங்காமல், தண்ணீர் ஊற்றிவிட்டும் மிச்சம் நின்றால், அது தினமும் நடந்தால், ஏசிஆர் கேளுங்கள். நுரையே இல்லாமலும் ஏசிஆர் 10 இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாளில் எதை எதோடு ஒப்பிடுவது

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. 30 வயது ஆணுக்கும் 70 வயது அம்மாவுக்கும் கிரியேட்டினின் ஒரே 100 மைக்ரோமோல் என்று வையுங்கள். ஆணுக்கு வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 85க்கு மேல். அம்மாவுக்கு 50ஐ ஒட்டி. ஒரே எண், ஒருவருக்கு நலம், மற்றவருக்கு மூன்றாம் கட்டச் சிறுநீரக நோய். ஆகவே இஜிஎஃப்ஆர் எழுதாத தாளை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து இறக்கத்தைக் கணக்கிடுங்கள். வயதோடு வருடத்துக்கு ஏறத்தாழ 1 குறைவது சகஜம். வருடத்தில் 5க்கு மேல் இறங்கினால் வேகமான இறக்கம். சிறுநீரக நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முந்தின இரவு பெரிய தட்டு ஆட்டிறைச்சி சாப்பிட்டிருந்தால் கிரியேட்டினின் பொய்யாக ஏறும். வேகவைத்த இறைச்சியிலேயே கிரியேட்டினின் உண்டு.

ஒரு ஏமாற்றத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீடுகளில் இதைக் கண்டு மகிழ்ந்து போகிறார்கள். பல வருடமாக 11, 12 என்று நின்ற சர்க்கரை, உணவிலும் மருந்திலும் மாற்றம் இல்லாமலே 6, 5 என்று இறங்கி, இன்சுலினைக் குறைக்க வேண்டி வந்தால், இனிப்பு நீர் குணமாகிறது என்று நினைக்காதீர்கள். இன்சுலினை உடைத்து வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளரும்போது இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்குகிறது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அப்படியே. சர்க்கரை மிகவும் இறங்கி, நோயாளி விடியற்காலையில் வியர்த்து மயங்கலாம். அந்த வாரமே இஜிஎஃப்ஆர் எடுக்க வேண்டும்.

மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சியும் எப்போதும் உண்மை பேசாது. இரத்தசோகை உள்ளவருக்கும் தலசீமியா கூறு உள்ளவருக்கும் அது விலகிக் காட்டலாம். மலேசியாவில் தலசீமியா அரிதல்ல. அப்படிப்பட்டவர் விரல்குத்தி எடுக்கும் அளவையே நம்ப வேண்டும்: பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக்கு முன் 4.4 முதல் 7.0, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 8.5க்குள். வயதானவர்களுக்கு இதைத் தளர்த்த வேண்டியிருக்கும். டாக்டரோடு பேசித் தீர்மானியுங்கள்.

மாத்திரை வட்டத்தை வெட்டும் இடம்

‘சார்டன்’ என்று முடிபவை (லோசார்டன், டெல்மிசார்டன், இர்பெசார்டன்), ‘பிரில்’ என்று முடிபவை (பெரிண்டோபிரில், எனலாபிரில்): இவை ஆஞ்சியோடென்சின் 2இன் கையைப் பிடிக்கின்றன. நாக்ஸ் நொதியும் அடங்கும், கால்சிய வாசலும் அடங்கும், வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாய் விரிவதால் உள்ளழுத்தமும் இறங்கும். மூன்றையும் ஒரே மாத்திரை தொடுகிறது. பிரஷர் சரியாக இருந்தாலும் ஆல்புமின் போகிறவருக்கு இதைக் கொடுப்பது அதனால்தான். லோசார்டன் 50 மி.கி.யில் தொடங்கினால் தாங்குகிறவருக்கு 100 வரை ஏற்ற வேண்டும். பாதி அளவிலேயே பல வருடம் நின்றுவிடுவது அடிக்கடி காணும் குறை.

தொடங்கிய பின் அல்லது அளவைக் கூட்டிய பின் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை ஏறினால் பெரும்பாலும் தொடரலாம். உள்ளழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது. அதைப் பார்த்துப் பயந்து ‘மருந்துதான் கிட்னியைக் கெடுக்குது’ என்று தானாக நிறுத்துபவர்களே கடைசியில் அதிகம் இழக்கிறார்கள். 30ஐத் தாண்டினாலோ பொட்டாசியம் 5.5க்கு மேல் போனாலோ உடனே டாக்டரிடம் போங்கள். பிரில் வகையில் வறட்டு இருமல் வந்தால் சார்டனுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கர்ப்பம் தரித்தால், தரிக்கத் திட்டமிட்டால், இரண்டுமே ஆகாது. முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘ஃபுளோசின்’ என்று முடிபவை (டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின், தினம் 10 மி.கி.): வடிகட்டியில் இறங்கிய சர்க்கரையில் பத்தில் ஒன்பது பங்கைத் திரும்ப இழுப்பது சிறுகுழாயின் ஆரம்பத்தில் உள்ள எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம். சர்க்கரையோடு உப்பையும் சேர்த்து இழுப்பதால், கீழே காவல் நிற்கும் உயிரணுவுக்கு உப்பு போதவில்லை என்று தோன்றுகிறது. அது நுழைவுக் குழாயை விரித்துவிட, வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஃபுளோசின் அந்த இழுப்பை நிறுத்துகிறது: உயிரணுவுக்குள் வேலைச்சுமையும் குறைகிறது, வடிகட்டியின் அழுத்தமும் குறைகிறது. 2019இல் கிரெடென்ஸ், 2020இல் டாபா–சிகேடி ஆகிய பெரிய ஆய்வுகள் டயாலிசிஸ் வரை போவதை இவ்வகை தள்ளிப்போடுவதைக் காட்டின. இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழ் போனவருக்கு இது சர்க்கரையை அதிகம் இறக்காது. ‘சர்க்கரை இறங்கலையே’ என்று நிறுத்தாதீர்கள்; அப்போது கொடுப்பது சிறுநீரகத்துக்கு. தொடங்கிய முதல் வாரங்களில் இஜிஎஃப்ஆர் சற்று இறங்கி நிற்கும், அதுவும் எதிர்பார்த்ததே. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை வரலாம். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவித் துடைத்து உலரவிட்டால் பெரும்பாலும் தடுக்கலாம்.

இவை இரண்டும் போட்டும் ஆல்புமின் நின்றபாடில்லை என்றால் ஃபினெரெனோன் என்ற மாத்திரை உண்டு. பொட்டாசியத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். வாராந்தர ஊசியான செமாகுளுட்டைடும் சிறுநீரகத்தைக் காப்பது 2024இல் வெளிவந்த ஃபுளோ ஆய்வில் தெரிந்தது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழ் வந்தால் நாளுக்கு 1,000 மி.கி.க்குள் குறைக்க வேண்டும்; 30க்குக் கீழ் நிறுத்த வேண்டும்.

பிரஷர் பார்ப்பது

வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறினால் சுவர் இழுபட்டு வாசல் திறக்கும் என்றோமே, அதற்கு வீட்டில் செய்யக்கூடிய காவல் இது. நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் பின்னாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கையின்மேல் கட்டாமல் வெறும் புஜத்தில், இதயத்தின் உயரத்தில் பட்டை இருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவு இரண்டு முறை, இடையில் ஒரு நிமிடம் விட்டு. ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளி, மீதியின் சராசரியை எடுங்கள். 130/80க்குக் கீழ் இருப்பது இலக்கு. சிறிய பட்டையைப் பருத்த கையில் கட்டினால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். கருவி வாங்கும்போதே புஜத்தின் சுற்றளவைச் சொல்லி வாங்குங்கள்.

உப்பு

மாத்திரைக்கு எதிரி சர்க்கரை என்றே நினைக்கிறோம். சார்டனும் பிரிலும் ஆல்புமினைக் குறைப்பதைக் கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. சோடியமாகச் சொன்னால் 2,000 மி.கி. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே (சோயா சாஸ்) ஏறத்தாழ 900 மி.கி. சோடியம். உடனடி மீ (நூடுல்ஸ்) ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 1,000 மி.கி.க்கு மேல், தூள் பொட்டலத்தில்தான் அதில் பெரும்பகுதி, பாதியைக் கொட்டிவிடுங்கள். பினாங்கில் நாசி கண்டார் (குழம்புச் சோறு) கடையில் நிற்கும்போது ‘பஞ்சீர்’ என்று நான்கு குழம்பையும் ஊற்றச் சொல்லாமல், ஒரே குழம்பு, தட்டின் ஓரத்தில் என்று கேளுங்கள். மீனும் வெண்டைக்காயும் இருக்கட்டும், உப்பு குழம்பில்தான். கருவாடு, அப்பளம், ஊறுகாய், உப்பு முட்டை இவை நான்கும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது. தேநீருக்கு ‘தே ஓ கோசோங்’, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாதது.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சார்டன் சாப்பிட்டு இஜிஎஃப்ஆரும் இறங்கியவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் குப்பி

ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் குற்றவாளி என்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். நேரடி விற்பனையில் வீட்டுக்கே வந்து, நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்குத் தள்ளிவிடுவதும் இந்தப் பேச்சைச் சொல்லித்தான். பெரிய ஆய்வுகளில் இது நிற்கவில்லை. ஹோப் ஆய்வில் தினம் 400 அலகு வைட்டமின் ஈ எடுத்த நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகத்துக்கு நன்மை எதுவும் கிடைக்கவில்லை. 2010இல் வெளிவந்த டிவைன் ஆய்வில் ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது, சிறுநீரகம் பழுதான நீரிழிவு நோயாளிகளுக்கு வடிகட்டும் திறன் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாக இறங்கியது. உடலின் எதிர்ப்படையையே தூண்டும் பார்டாக்சலோன் என்ற மருந்தின் பெரிய ஆய்வு, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012இல் நிறுத்தப்பட்டது.

காரணம் முன்னே சொன்ன வட்டத்திலேயே இருக்கிறது. பெராக்சைடு பிறப்பது உயிரணுவுக்குள், குறிப்பிட்ட மூலையில், நொடிக்கு நொடி. விழுங்கிய வைட்டமின் இரத்தத்தில் பரவலாகப் போகிறது. அந்த மூலைக்குத் தேவையான நேரத்தில் தேவையான அளவு போய்ச் சேராது. மேலும் சிறிதளவு பெராக்சைடு உயிரணுவின் சாதாரணப் பேச்சுவார்த்தைக்கே வேண்டும். ஊற்றை அடைப்பதும் நீரை இறைப்பதும் ஒன்றல்ல. வைட்டமின் சி 1,000 மி.கி. மாத்திரையைத் தினமும் போடுபவருக்கு இன்னொரு ஆபத்து: அதில் ஒரு பங்கு ஆக்சலேட் ஆகிச் சிறுகுழாய்களில் படிகமாகலாம்.

படிகம் என்றதும் நட்சத்திரப் பழம், அதாவது பெலிம்பிங். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்று சாறு பிழிந்து குடிக்கிறார்கள். அதில் ஆக்சலேட் நிறைய. சிறுநீரகம் பழுதானவருக்கு அதிலுள்ள காரம்பாக்சின் மூளைக்கு ஏறி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். இஜிஎஃப்ஆர் இறங்கியவர் ஒரு துண்டும் சாப்பிடக் கூடாது. புளிப்பான பெலிம்பிங் பூலோ சாற்றைக் குடித்துத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்தவர்களைப் பற்றிக் கேரளத்திலிருந்து மருத்துவ அறிக்கை வந்திருக்கிறது.

வலி மாத்திரையும் நாட்டு மருந்தும்

மெஃபெனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென், நாப்ராக்சன், எடோரிகாக்சிப்: முட்டி வலிக்குக் கேட்டு வாங்குபவை இவைதான். வடிகட்டிக்குள் நுழையும் குழாயை இவை இறுக்குகின்றன. வெளியேறும் குழாயைச் சார்டன் ஏற்கெனவே தளர்த்தியிருக்கிறது. சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் உள்ளே அழுத்தமே இல்லாமல் வடிகட்டுவது நின்றுபோகும். மூன்றும் ஒன்றாகவே கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். மெலிந்த முதியவருக்கும் கல்லீரல் பழுதானவருக்கும் இன்னும் குறைவாக.

நாட்டு மருந்துப் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் அவற்றின் பின் ‘டி’ (T) எழுத்தும் உள்ள பதிவு எண்ணைத் தேடுங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தில் தட்டி, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். ‘ஒரே வாரத்தில் வலி போச்சு, முகமும் உப்பிடுச்சு, சர்க்கரையும் ஏறிடுச்சு’ என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. குப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, விரதம்

காக்கும் மருந்துகளே கெடுக்கும் நாள்கள் சில உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்து உடலில் நீர் வற்றினால், சார்டன் அல்லது பிரில், நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், ஃபுளோசின் நான்கையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்பதை நலமாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, அட்டையில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். இன்சுலின் போடுபவர் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது. சர்க்கரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஃபுளோசின் சாப்பிடுபவருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. குமட்டல், வயிற்று வலி, மேல்மூச்சு வந்தால், சர்க்கரை 9, 10 என்று சாதாரணமாகக் காட்டினாலும் அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை ஏறாமலே அமிலம் ஏறுவது இந்த மருந்தில் நடக்கும்.

தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுப்பவர் இதை இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு, வெயில், வெறுங்கால் நடை, பத்துமலையின் 272 படி அல்லது பினாங்கின் தண்ணீர்மலை ஏற்றம், எல்லாம் சேர்ந்து நீரை வற்றவைக்கும். சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளினால் சர்க்கரை 4க்குக் கீழ் விழும். காவடி நாளிலும் அதற்கு முந்தைய நாள்களிலும் ஃபுளோசினை எப்போதிலிருந்து நிறுத்துவது, கிளிக்லசைடைப் பாதியாக்குவதா, சார்டனை அன்று விடுவதா என்று குறித்து வாங்குங்கள். கூட நடப்பவர் பையில் குளுக்கோமீட்டரும், உப்பு சர்க்கரை கலந்த நீர்ப் பொட்டலமும், 15 கிராம் குளுக்கோஸும் இருக்கட்டும். சிறுநீர் அடர் பழுப்பாக வந்தாலோ ஆறு மணி நேரமாக வரவே இல்லை என்றாலோ முதலுதவிக் கூடாரத்துக்குப் போங்கள்.

வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் நிறுத்திய மாத்திரைகளைத் திரும்பத் தொடங்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வயிற்றுப்போக்கு நின்றும் சார்டனை மறந்து, அடுத்த சந்திப்பு வரை மூன்று மாதம் ஓட்டிவிடுகிறார்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய அதே அட்டையில், நிறுத்திய தேதிக்குப் பக்கத்திலேயே தொடங்கிய தேதிக்கும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள். தொடங்கிய ஒரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஒருமுறை.